அழவில்லை என்று எழுதிய நாட்கள்

அப்போது தம்போயில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை. எனக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிகாலை நாலரைக்கு பஸ். அதற்குமுன் மகளைத் தூக்கிப்போய் எதிர்வீட்டு அக்காவிடம் விடுவேன். நான் திரும்பும்வரை அவர்தான் பார்த்துக்கொள்வார்.

மகள் விழித்துவிட்டால் என் கழுத்தை விடமாட்டாள். அதனால் தூக்குவதற்கு முன்பே இனிப்பான டின் பாலை வெந்நீரில் கலக்கிப் போத்தலை வாயில் வைத்துவிடுவேன். அக்காவின் மெத்தையில் கிடத்தும்போதும் போத்தல் வாயிலேயே இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் நாட்குறிப்பில் எழுதுவேன்: “4.20. பால் குடித்தாள். அழவில்லை.”

அவளுடைய எடை, தடுப்பூசி, காய்ச்சல் எல்லாம் அதில் உண்டு. மேல் முன்பற்களில் வெள்ளைக் கோடு விழுந்ததையும், அது பழுப்பானதையும் எழுதியிருக்கிறேன். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்றார் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான்கு வயதில் மேலுதடு வீங்கிக் காய்ச்சல் வந்தது. அரசாங்கப் பல் கிளினிக்கில் இளம் மலாய் மருத்துவர் ஒருவர் பார்த்தார். மேல் முன்பற்கள் நான்கும் சொத்தை, எடுக்க வேண்டும் என்றார். எத்தனை நாளாகப் போத்தலோடு தூங்குகிறாள் என்று கேட்டார். துல்லியமாகச் சொல்ல முடியும் என்ற பெருமையில் நாட்குறிப்பை நீட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் இருந்த அந்த வரியைத் தொட்டுக்காட்டி மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். நாலைந்து பக்கங்களுக்குமேல் என்னால் முடியவில்லை. அவர் திட்டவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவைத்தார்.

பல் எடுத்த பிறகு போத்தலை நிறுத்தினேன். முதல் நாளே அக்கா வீட்டு கேட்டில் மகள் விழித்துக்கொண்டாள்.

“போத்தல் கேக்க மாட்டேம்மா. நீ போவாத.”

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் கழுத்திலிருந்து பிரித்தார். “போ தங்கச்சி, பஸ் போயிரும்லா. பத்து நிமிஷத்துல மறந்துருவா.”

போனேன். அந்த நோட்டில் காலியாக இருக்கும் ஒரே பக்கம் அன்றையது.

பாலர் பள்ளியில் அவளைக் கிழவி என்று கூப்பிட்டார்கள். அங்கேதான் வாயைக் கையால் மூடிச் சிரிக்கப் பழகினாள். ஏழு வயதில் முளைத்த பற்கள் வரிசையாக, அழகாக வந்தன. இப்போது அவளுக்குப் பத்தொன்பது. நேற்று சாப்பிடும்போது அவள் அப்பா ஏதோ சொல்ல, சிரித்தாள். கை தானாக வாய்க்குப் போனது. கையை எடும்மா என்று சொல்லவந்தேன்.