ராதோய்கா முதலிடம் கொடுத்த பம்பு

ராதோய்காவுக்கு லேசில் எதன்மேலும் நம்பிக்கை வராது. பேக்கரியில் சுடச்சுட ரொட்டி கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். வீட்டுச் சாமான்களைச் சோதித்து எழுதும் எங்கள் நோவி சாத் நகரத்துப் பத்திரிகையில் தண்ணீர்ப் பம்புகள் அவள் பொறுப்பு. படம் எடுப்பதும், கார் ஓட்டுவதும், அவளிடம் திட்டு வாங்குவதும் என் பொறுப்பு.

கம்பெனிக்காரன் இலவசமாக அனுப்பும் பம்பைத் தொடவே மாட்டாள். "பொறுக்கியெடுத்து நல்லதா அனுப்பிடுவான் கோய்கோ, நம்ம சனங்களுக்குக் கடையில கிடைக்கிறது வேற" என்று என்னிடம் சொல்வாள். அவளே சாதாரண ஆள்போலக் கடைக்குப் போய், பேரம் வேறு பேசி வாங்கிவருவாள். தொட்டித் தண்ணீரில் தீசா ஆற்று மணலைக் கலக்கி ஒவ்வொன்றையும் ஓடவிடுவாள். தண்ணீரே இல்லாமலும் ஓடவிட்டு, எது தானாக நிற்கிறது, எது புகைகிறது என்று பார்ப்பாள். கடைசியில் கழற்றிப்போட்டு, உள்விசிறி தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுவாள். இத்தனைக்கும் தாக்குப்பிடித்த பம்புக்குத்தான் முதலிடம். அதன் கீழே "பயப்படாமல் வாங்கலாம்" என்று ஒரு வரி எழுதுவாள். அந்த வரியைப் பார்த்துத்தான் கிராமத்துச் சனங்கள் கடைக்கே கிளம்புவார்கள்.

அந்தக் கோடையில் முதலிடம் வாங்கிய பம்பு கிணற்றுக்குள் இறக்குவது, எஃகு உடம்பு. அந்த இதழ் வெளிவந்து கொஞ்ச நாளில் ஒரு போன். தீசா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஸ்வேதொசார் என்ற கிழவர். நானும் கேட்கட்டும் என்று ராதோய்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொண்ணே, நீ சொன்ன பம்பைத்தான் வாங்கினேன். தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்துது! குழாயத் தொட்டா மட்டும் கையில கிச்சுகிச்சு மூட்டுது. மூட்டுவலிக்கு நல்லாத்தான் இருக்கு, அதுக்கும் சேத்தா வித்தீங்க?"

நான் சிரித்துவிட்டேன். ராதோய்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, சுவத்துல சாக்கெட்டு மாட்டுனது யாரு?"

"வேற யாரு, நாந்தான். எர்த்துக்குன்னு தனியா ஒரு கம்பியா? நியூட்ரல் கம்பியையே வளைச்சு எர்த்து ஓட்டையிலயும் சேத்துச் சொருகிட்டேன். இங்க எல்லாருமே அப்படித்தான்."

"மாமா, அதத் தொடாதீங்க. உங்களப் பாக்க நாங்க இப்பவே கிளம்பி வர்றோம்."

"வாங்க, வாங்க! அடியே பெர்சிதா, விருந்தாளி வர்றாங்கடி!" என்று கத்திக்கொண்டே கிழவர் போனை வைத்துவிட்டார்.

காரில் ஏறியதும்தான் எனக்கு விளங்கச் சொன்னாள். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒழுங்கான எர்த் உண்டு. கொஞ்சம் கசிந்தாலும் மின்சாரத்தை வெட்டிவிடும் பெட்டியும் உண்டு. கிழவர் வீட்டில் இரண்டும் இல்லை. அவர் வளைத்துச் சொருகிய அந்த ஒரு கம்பி சூடேறித் தளர்ந்துகொண்டிருக்கிறது, கிச்சுகிச்சு அதனால்தான். அது முழுசாக அறுந்தால், திரும்பிப்போக வேறு வழியில்லாமல் பம்பு உடம்பு, இரும்புக் குழாய், குழாய்த் திருகு எல்லாவற்றிலும் முழு மின்சாரம் பாயும். கிச்சுகிச்சு அப்புறம் இருக்காது. 

"சரி விடு, தொடாதீங்கன்னு சொல்லிட்டியே. தொடமாட்டாரு" என்றேன்.

 அவள் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கோய்கோ, வர்றோம்னு சொல்லித் தொலைச்சேனே! விருந்தாளி வந்தா என்னடா வைப்பாங்க?"

எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் முதலில் வைப்பது இதுதான். செர்ரிப் பாகு ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர். அந்தத் தண்ணீர் அப்போதுதான் இறைத்ததாக இருக்க வேண்டும். பானையில் கிடந்த தண்ணீரை விருந்தாளிக்கு நீட்டுவதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைக்கிற சனங்கள் நாங்கள்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள், யாரும் எடுக்கவில்லை. தீசா பாலத்தில் ஒரு வைக்கோல் வண்டி எங்களுக்கு முன்னால் ஆடி அசைந்து போனது. நான் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் அங்கே தீர்ந்துபோயின. ராதோய்கா, "கடவுளே, அவங்க வீட்டுல சாவு விழக்கூடாது, என்னால விழக்கூடாது" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. சமையலறை மேசையில் செர்ரிப் பாகு தயார். பக்கத்தில் காலிக் குவளைகள். ஸ்வேதொசார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி எழுந்தார்.

"உக்காருங்க, உக்காருங்க! பெர்சிதா இப்பத்தான் தண்ணி பிடிக்கப் போனா."

கொல்லையில் ஈரச் செங்கல்மேல் வெறுங்காலோடு அவர் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் கூஜா. மறு கை குழாயின் திருகை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

"அத்தை! தொடாதீங்க!"

ராதோய்கா போட்ட அலறலில் கூஜா விழுந்து உடைந்தது. நான் சுவரிலிருந்து பிளக்கை வயரோடு பிடுங்கி எறிந்தேன். பெர்சிதா மார்பில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, பாம்பா? எங்க?" என்று அங்கேயே நின்றாள்.

மெயின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு ராதோய்கா சுவர் சாக்கெட்டைத் திறந்தாள்.  உள்ளே கம்பி கருகி, ஒரே ஓர் இழையில் தொங்கியது. கிழவர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"காலைலயே கை ரொம்பக் கூசுதுன்னு நான் சொன்னேன்" என்றாள் பெர்சிதா. "இந்த மனுஷன் எங்க கேட்டாரு? அதத்தான் காட்டினாரு."

அவள் காட்டிய இடத்தில், சாக்கெட்டுக்கு நேர் மேலே, எங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு மாவுப் பசையால் ஒட்டியிருந்தது. "பயப்படாமல் வாங்கலாம்."

ராதோய்கா அதை நகத்தால் சுரண்டினாள். அது வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

"நீ எதுக்கும்மா அழற? பம்பு நல்ல பம்புதான்" என்று கிழவர் அவளைத் தேற்றினார். "உன் பேப்பரத் தெருவுக்கே படிச்சுக் காட்டினேன். பக்கத்து வீட்டுலயும் அதே பம்புதான். அங்கயும் நாந்தான் மாட்டிக் கொடுத்தேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. ராதோய்கா என்னைக்கூடக் கூப்பிடவில்லை. வேலியில் ஏறிக் குதித்தாள்.