கிரீஸ் தடவிய கம்பி

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் தகடு அடித்தவர் ஞானசேகரன். ரிட்டயர் ஆன அன்று சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். அது டிக்டிக்கென்று ஓடுகிறது என்பதே மனைவி பிரிஜெட் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். கிட்டே வந்து உரக்கப் பேசினால் புரியும். கீச்சுக்குரல் எதுவும் எட்டாது. மகள் ஐரின் வாங்கிக் கொடுத்த காது மெஷின் மாதா சுரூபத்துக்குப் பின்னால் டப்பாவோடு கிடந்தது. "அதை மாட்டினா தலைக்குள்ள பிரஸ் ஓடுது" என்பார்.

போன வருஷ மழையில் பிரிஜெட் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தாள். ஆபரேஷன் ஆகியும் நடை வரவில்லை. பின்னறையில் கட்டில், ஜன்னல் தலைமாட்டில். திருப்பிப் போட இடமில்லாததால் கொல்லையை அவளால் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அவளுக்காகத்தான் அவர் கொய்யாமரத்தில் கம்பி கட்டிக் கொட்டாங்குச்சியைத் தொங்கவிட்டு, அதில் பப்பாளித் துண்டுகள் வைத்தார்.

ஒரு வாரத்தில் பறவைகள் வந்தன.

"சுண்டுவிரல் அளவு. வயிறு மஞ்சள்" என்றார் ஜன்னலுக்கு வெளியே நின்று.

"தேன்சிட்டுங்க அது. ஜோடியா வந்திருக்குது. ஆணு ஒரு மாதிரி கத்துது, பொண்ணு ஒரு மாதிரி."

"எனக்கு வாய் தெறக்கறது மட்டும்தான் தெரியுது."

"பார்க்கறது பிரஸ்காரருக்கு, கேக்கறது எனக்கு. நீங்களும் நானும் பாகம் பிரிச்சுக்கிட்டோம்" என்று சிரித்தாள். படுத்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். அதன்பின் தினமும் காலையில் அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கு வலி மறந்துபோகும்.

பப்பாளிக்கு எறும்பு வரிசை கட்டியது. எந்தக் கம்பி தொந்தரவு கொடுத்தாலும் ஞானசேகரன் கை தானாகப் போவது கிரீஸ் டப்பாவுக்குத்தான். கம்பி நெடுக வழவழவென்று தடவினார். ஒரு எறும்புகூட ஏறவில்லை. வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடு, மறுநாள் காலை மரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தண்ணீர்த் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நாலடி பின்னால் பெண்சிட்டு கம்பியில் உட்கார்ந்து, இறக்கை ஒட்டிக்கொண்டு கதறியது அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே பிரிஜெட்டுக்குக் கேட்டது. அவள் கூப்பிட்டாள். ஸ்டீல் டம்ளரால் கட்டில் கம்பியை அடித்தாள். அதுவும் கேட்கவில்லை.

அவர் திரும்பியபோது சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பிரித்தெடுத்தார். ஷாப்பில் கை துடைப்பதுபோல் வேஸ்ட் துணியால் துடைத்தார். இறகுகள் துணியோடு வந்தன. அலகைத் திறந்து திறந்து மூடியது. பிறகு மூடவில்லை. மரத்தடியில் குழி தோண்டினார்.

உள்ளே டம்ளர் நசுங்கிக் கீழே கிடந்தது.

"எத்தினி தடவை கூப்புட்டேன்! என்னாச்சுங்க?"

"ஒட்டிக்கிச்சு. எடுத்து விட்டேன், பறந்துடுச்சு."

பிரிஜெட் அவருடைய கறுத்த கையைப் பார்த்தாள்.

கம்பியை அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டினார். பப்பாளியும் வைத்தார். ஆண்சிட்டு வந்தது, பழத்தைத் தொடாமல் கிளைக்குக் கிளை தாவி வாயைத் திறந்தது. வந்துவிட்டதே என்று அவருக்கு ஆறுதல்.

மூன்றாம் நாள் பிரிஜெட் சொன்னாள்: "ஜன்னலைச் சாத்துங்க."

"ஏன், குளிருதா?"

"மூணு நாளா ஆணு கத்திக்கிட்டே இருக்குதுங்க. அது பறந்துடுச்சுன்னா, இது யாரைக் கூப்புடுது?"

ஞானசேகரன் சுரூபத்துக்குப் பின்னால் கைவிட்டு டப்பாவை எடுத்தார். பேட்டரி போட்டுக் காதில் மாட்டினார். முதலில் இரைச்சல், பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் ஆட்டோ. அப்புறம் கொய்யாமரத்திலிருந்து, ஊசி முனையால் தகட்டைக் கீறுவதுபோல ஒரு குரல். சற்று நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி.

இந்த மூன்று நாளும் அவள் பங்குக்கு வந்தது இதுதானா? ஜன்னல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"சாத்துங்கன்னேன்ல."

இரண்டு கதவையும் சேர்த்துக் கொக்கி போட்டார். சாத்திய பிறகும் கேட்டது. மெஷினைக் கழற்றக் காதருகே போன கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.