ஒன்பது டப்பா அரிசி

அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குப் பட்டப்பேர் விழுந்துவிட்டால் அது ஞானஸ்நானத்தில் வைத்த பேரை விடக் கெட்டி. அக்காள், தங்கை, தம்பி என்று மூன்று பிள்ளைகள். அதில் தங்கைக்கு விழுந்த பேர் 'அடிப்பிடி'.

பதினைந்து வயதில் ஒரு கிறிஸ்துமஸ் காலை. பெரியம்மா கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றி, "கிளறிக்கிட்டே இரு, புடவை மாத்திட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தங்கை ஜன்னல் வழியே பாட்டுக்கோஷ்டி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். பெரியம்மா திரும்பி வந்தபோது எது கறி, எது சட்டி என்று பிரிக்க முடியவில்லை. அன்று பதினேழு பேர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பதினேழு பேரும் அதை மறக்கவில்லை. நடுவில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மீதிப் பதினைந்து பேர் செத்தவர்கள் பங்கையும் சேர்த்துச் சொல்லிவந்தார்கள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். பத்து வார்த்தை பேசினால் அன்றைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்படிப்பட்ட மனுஷன். அவரோடு கடல் தாண்டிப் போனாள். போன இடத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் தட்டுக் கழுவச் சேர்ந்தாள். மூன்று வருஷம் தட்டு, இரண்டு வருஷம் காய் வெட்டு. ஒருநாள் தலைமைச் சமையல்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. முந்நூறு பேர் பசியோடு வந்து நிற்க மூன்று மணி நேரம்தான் பாக்கி. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது இவள் கரண்டியை எடுத்தாள். எடுத்த கரண்டியைப் பதினாறு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. இன்று அங்கே அவள்தான் தலைமை, அவளுக்குக் கீழே ஆறு பேர்.

இதெல்லாம் சொந்தக்காரர்கள் காதில் ஏறவில்லை.

"கேன்டீன் சமையலா? பெரிய பானையில தண்ணி கொதிக்க வைக்கிறதுக்குப் பேரு சமையலா?" என்பாள் அக்காள்.

அக்காள் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அவள் கைப்பக்குவம் அப்படி. ஒருமுறை நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் இவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டு படியிறங்கினார்கள்; பெண் எப்படி இருந்தாள் என்று வீட்டுக்குப் போய்த்தான் யோசித்தார்களாம்.

அந்த அக்காள்தான் அத்தானோடும், தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளோடும் கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டுக்கு வந்து இறங்கினாள். தங்கை வீட்டில் அவளும் புருஷனும் காலேஜ் போகிற மகளும். ஆக மொத்தம் ஒன்பது பேர், இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. நாலாவது மாடி.

அக்காள் பெட்டியைத் திறந்தாள். துணி இரண்டு கை அளவுதான் இருந்தது. மற்றதெல்லாம் பொடி டப்பா, புளி, ஒரு இரும்புச் சட்டி.

"எதுக்குக்கா இவ்வளவு? இங்க எல்லாம் கிடைக்கும்."

"கிடைக்கும்டி. கிடைச்சு என்ன செய்ய, செய்யத் தெரியணுமே."

மறுநாள் காலையிலேயே அடுப்படி கைமாறிவிட்டது. தங்கை சொந்த வீட்டில் வெங்காயம் உரிக்கிற ஆளானாள். சாயங்காலமானால் அக்காள் பெரியம்மாவுக்குப் போன் போடுவாள். பெரியம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, கண் மங்கல், ஆனால் காது பாம்புக் காது. அவள் காதில் காலையில் போட்டது பொழுது சாய்வதற்குள் நாலு கிளைச் சொந்தத்துக்கும் போய்விடும். "இன்னைக்கும் நான்தான் பெரியம்மா சமைச்சேன். அவளா? அவ வெங்காயம் உரிச்சா" என்று அக்காள் சொல்வதைத் தங்கை கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், தங்கை சொன்னாள்: "அன்னைக்குச் சாப்பாடு நான்தான் செய்யப்போறேன். முழுசா."

தம்பி வாயில் வைத்ததை விழுங்கினான். "வேணாம்க்கா. நாங்க ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கோம்."

அத்தான், "ஊறுகாய் பாட்டில் இன்னும் ஒண்ணு பெட்டியில இருக்குல்ல?" என்று அக்காளைக் கேட்டார்.

எல்லாரும் சிரித்து முடிக்கட்டும் என்று தங்கை காத்திருந்தாள். அக்காள் சிரிக்கவில்லை. "செய்யேன். நான் அடுப்படிப் பக்கமே தலை வைக்க மாட்டேன், போதுமா? ஆனா ஒண்ணு. என்ன நடக்குதோ அதை அப்படியே பெரியம்மாகிட்ட சொல்லுவேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன்."

"சொல்லு" என்றாள் தங்கை.

சொல்லிவிட்டு யோசித்தாள். இவ்வளவு செலவு செய்துகொண்டு இவர்கள் இன்னொரு தரம் வரப்போவதில்லை. இந்த ஒரு வேளையில் விழுகிற பேர்தான் இனிக் கடைசிவரை. இதுவும் கெட்டால், முந்நூறு பேர் பதினாறு வருஷமாகத் தட்டை வழித்துச் சாப்பிட்டதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

இங்கே அவள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கேன்டீனில் யாரும் தலையை எண்ணுவதில்லை, மேசையைத்தான் எண்ணுவார்கள். ஒரு மேசைக்கு எட்டுப் பேர். ஒரு மேசைக்கு ஒரு டப்பா அரிசி. காலையில் "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டால், மேசை எத்தனை என்றுதான் அர்த்தம். இறைச்சிக்காரரும் பதினாறு வருஷமாக அதே கணக்கில்தான் அனுப்புகிறார். அவரிடம் இவள் போனில், "வீட்டுக்கு வேணும், ஆடும் கோழியும்" என்றாள். "எத்தனை?" என்றார். "ஒன்பது" என்றாள்.

வந்த பொட்டலங்களைப் பால்கனிக் குளிரில் வைத்தாள். பார்த்தாள், கண்ணுக்குச் சரியாகவே இருந்தது. அந்தக் கண் எதைப் பார்த்துப் பழகிய கண்!

கிறிஸ்துமஸ் அன்று நாலு மணிக்கு எழுந்தாள். மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த இரண்டு பெரிய பானைகளை அடுப்பில் ஏற்றினாள். பானைகளோடு கொண்டுவந்த கேன்டீன் டப்பாவை எடுத்து ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை அளந்து போட்டாள். புது அரிசி மூட்டையின் அடி தெரிந்தது, அப்போதும் உறைக்கவில்லை. வீட்டிலிருந்த சட்டி அத்தனையும் நிறைந்தது, அப்போதும் உறைக்கவில்லை. கேன்டீனில் என்றைக்குச் சட்டி போதுமாக இருந்தது? பானை தூக்கிவைக்கப் புருஷன் எழுந்து வந்தார். பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். 'அவளுக்குத் தெரியாததா' என்று மூடிக்கொண்டார்.

எட்டரைக்கு எல்லாம் முடிந்தது. தொழிற்சாலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் சமையல் முடிந்துவிட வேண்டும் என்பது அவள் உடம்பில் ஊறிய சட்டம். பானை, சட்டி எல்லாவற்றையும் கம்பளியால் இறுக்கிச் சுற்றி வைத்தாள். மற்றவர்கள் ஒரே குளியலறைக்கு முட்டி மோதிக்கொண்டிருந்ததில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரோடும் கோயிலுக்குப் போனாள்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. மாடிப்படியில் வெளிச்சம் இல்லை. ஆறு மாடி, இருபத்து நாலு வீடு, எல்லாவற்றிலும் மின்சார அடுப்பு, எல்லா வீட்டிலும் விருந்து. அத்தனை அடுப்பும் ஒரே நேரத்தில் எரிய, கட்டடத்தின் பெரிய வயரே கருகிவிட்டதாம். ஆள் வந்து சரிசெய்யச் சாயங்காலம் ஆகும் என்று வாசலில் காவல்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போயிருந்தார்.

அக்காள் மூச்சு வாங்கப் படியேறினாள். "உன் சாப்பாடு ஜில்லுன்னு இருக்கும் போ."

வீட்டில் நுழைந்ததும் அத்தான் நேராகப் போய், சோபாவில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த பானையைத் தொட்டார். கையை உதறிக்கொண்டார். "கொதிக்குதே! யாருக்கு உடம்பு சரியில்லைன்னு இப்படிப் போர்த்தி வச்சிருக்க?" மூடியைத் திறந்தார். பிறகு அடுத்த மூடி. அதற்கடுத்தது. அடுப்படி, சாப்பாட்டு மேசை, படுக்கையறை மூலை வரை எண்ணிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

"ஏம்மா, இது எத்தனை பேருக்கு?"

"ஒன்பது பேருக்கு அத்தான்."

"ஒன்பது பேரா, ஒன்பது ஊரா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது மேசை. எழுபத்திரண்டு பேர் சாப்பாடு. காது மடல் வரை சுட்டது. புருஷன் மெதுவாக, "நான் பார்த்தேன். நீ கணக்காத்தான் செய்வேன்னு சும்மா இருந்துட்டேன்" என்றார்.

தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான். அக்காள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, போனை எடுத்தாள். "அன்னைக்கு ஒருத்தருக்கும் இல்லாமப் பண்ணின. இன்னைக்கு ஊருக்கே பண்ணிட்ட. ரெண்டுக்கும் நடுவுல உனக்கு எதுவுமே வராதாடி? இதைப் பெரியம்மாகிட்டச் சொன்னா..."

சொல்லி முடிப்பதற்குள் கதவைத் தட்டினார்கள். மேல் மாடி நர்ஸ். இராப் பணி முடித்து வந்த உடுப்போடு நின்றாள். பிளாஸ்கில் வெந்நீர் இருக்குமா, பால் கலக்க வேண்டும், அடுப்பில் வைத்த கோழி பாதி பச்சையாகக் கிடக்கிறது, பெற்றோர் வந்திருக்கிறார்கள் என்றாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் யார் வீட்டுக் குழந்தையோ பசிக்கு அழுதது.

தங்கை அந்த அழுகையைக் கேட்டாள். சோபாவில் இருந்த பானையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கேன்டீனில் ஷட்டர் ஏறும்போது வருகிற முகம் அது. அந்த முகத்தை அங்கிருந்த யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"நீ எல்லா மாடிக்கும் போ" என்றாள் மகளிடம். "எல்லாரையும் கீழ் ஹாலுக்கு வரச் சொல்லு. சூடாச் சாப்பாடு இருக்கு. மேசை இருக்கிறவங்க மேசை கொண்டு வரட்டும். தட்டும் ஸ்பூனும் அவங்கவங்களோடது."

அக்காள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். "முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கா நம்ம சாப்பாடு?"

"பசிக்கு முன்ன என்ன, பின்ன என்னக்கா? அந்தச் சட்டியைத் தூக்கு. தம்பி, நீயும் இவரும் பெரிய பானை. துணி சுத்திப் பிடி, படியில வலது பக்கமா இறங்கு. அத்தான், நீங்க தண்ணி."

"நான் விருந்தாளிம்மா."

"விருந்தாளி தண்ணி ஊத்தலாம். தப்பில்ல."

கீழே சைக்கிள்களை ஓரம் கட்டினார்கள். மேசைகள் இறங்கி வந்தன; சாப்பாட்டு மேசை, படிப்பு மேசை, மடக்கு மேசை, இஸ்திரிப் பலகைகூட ஒன்று. கலர் பேப்பரும் மெழுகுவர்த்தியும் யாரோ கொண்டு வந்தார்கள். பாதிக்குப் பாதி பேர் ஒரே கட்டடத்தில் பத்து வருஷம் இருந்தும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

பரிமாறுவது மூத்தவள் உரிமை என்று அக்காள் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் அதிகம் போனால் முப்பது பேருக்குப் போட்டவள். அதுவும் தெரிந்த முகங்கள். முதல் மேசைக்காரர்கள் தட்டில் மலையைக் கட்டினாள். வரிசை வாசல் வரை நின்றது. பின்னாலிருந்து தட்டுகள் நீண்டன. அக்காளுக்கு நெற்றியில் வேர்த்தது.

தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, கரண்டியை நிரப்பி, விளிம்புல தட்டு. தட்டுக்கு ஒண்ணரை. கறி நாலு துண்டு. முதல் மேசைக்கு அன்பைக் காட்டினா, கடைசி மேசைக்கு எலும்பைத்தான் காட்டணும்."

அக்காள் வாயைத் திறந்தாள். எதிரே ஒரு கிழவர் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காள் வாயை மூடினாள். கரண்டியை நிரப்பினாள், விளிம்பில் தட்டினாள். "ஒண்ணரை... ஒண்ணரை..." என்று ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வரிசையை நகர்த்தினாள். தங்கை நடுவில் நின்று எந்தப் பானை எப்போது திறக்க வேண்டும், எந்த மேசைக்குத் தண்ணீர் போகவில்லை, எந்தக் குழந்தைக்குக் காரம் கூடாது என்று கண்ணாலேயே வேலை வாங்கினாள். பியானோ வாசிக்கிற ஒருவர் காரத்துக்கு மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடியும் வரிசையில் வந்து நின்றார். நர்ஸின் அப்பா எழுந்து நின்று கைதட்ட, ஹால் முழுக்கத் தட்டியது.

கேன்டீன் சட்டப்படி சமைத்தவர்கள் கடைசி. அவர்கள் உட்கார்ந்தபோது அறுபத்தொரு பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அக்காள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான். அத்தான் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்காள் தலை நிமிராமல் தட்டைக் காலி செய்து, தங்கை பக்கம் நீட்டினாள்.

"இன்னும் போடு."

"ஒண்ணரைதான் கணக்கு."

"அடி, நான் உன் அக்காடி!"

போட்டாள். பாதி சாப்பிட்டுவிட்டு அக்காள், "கறிக்கு உப்பை எப்பப் போட்ட?" என்று கேட்டாள். அவள் இதுவரை எந்தச் சமையலைப் பற்றியும் யாரிடமும் கேள்வி கேட்டதில்லை.

"பாதி முதல்ல. பாதி இறக்குறப்போ. பெரிய பானைக்கு மொத்தமாப் போட்டா கறி விறைச்சுக்கும்."

"ம்" என்றாள் அக்காள்.

அவள் பாதியில் விட்ட போன் அப்போது அடித்தது. பெரியம்மா. அந்த ஹாலில் எங்கே நின்று பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும்; பெரியம்மா குரலும் போனைத் தாண்டி வரும்.

"என்னடி சத்தம், கல்யாண வீடா?"

"இல்ல பெரியம்மா. கரண்டு போயிருச்சு. கட்டடமே இங்கதான் சாப்பிட்டுச்சு. அறுபத்தொரு பேர்."

"அறுபத்தொரு பேரா! அட பாவமே, வந்த இடத்துலயும் உன்னைத்தான் அடுப்புல தள்ளினாங்களா? உன் கைக்குத்தான் அது முடியும்."

தங்கை காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்காள் "ஆமா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடலுக்கு அந்தப் பக்கம் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அக்காள் அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எங்க சமைச்சேன்? சமைச்சது பூராவும் என் தங்கச்சி. நம்மளையும் சேர்த்து எழுபது பேருக்கு, தனியா, நாலு மணிக்கு எழுந்து. நான் பரிமாறினேன். அதுவும் அவ எப்படிச் சொன்னாளோ அப்படி."

பெரியம்மா போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"யாரு சொன்னபடி?"

"என் தங்கச்சி சொன்னபடி! காது நல்லாத்தானே கேக்குது உங்களுக்கு?"

"போனை அவகிட்டக் குடு."

தங்கை புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பெரியம்மா நலம் விசாரிக்கவில்லை. "சின்னப் பேரனுக்குச் சித்திரையில கல்யாணம். நாலு கிளையும் வரும், முந்நூறு தலை. வெளி ஆளை வச்சுச் செய்ய எனக்கு மனசில்ல. நீ வந்து நின்னு செய்வியா?"

முந்நூறு. அவளுக்கு அது ஒரு சாதாரண திங்கட்கிழமை.

"செய்றேன் பெரியம்மா. எனக்கு ஆறு பேர் வேணும். நான் சொல்றதைக் கேக்கிற ஆளா இருக்கணும்."

"அப்படிப்பட்ட ஆளுக்கு நான் எங்கடி போவேன்?"

அக்காள் எட்டி, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள். "அஞ்சு பேரைத் தேடுங்க பெரியம்மா. ஒண்ணு நான்."