இருளப்பனுக்கு அடித்த மேளம்

மலையூரான திரிங்காப்புக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ருக்குமணிக்கு வாய் நீளம் என்று பேர். பத்தொன்பது வயதில் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. “சங்கமாம் சங்கம்! சோத்துக்கே வழியக் காணோம்” என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெருசுகள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். லாரி வரும், கண்ணில் பட்ட ஆண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை. ருக்குமணி தன் அண்ணன் ராமையாவை அப்படித்தான் பறிகொடுத்தாள். அழுது முடித்த கையோடு சங்கத்துப் பிள்ளைகளைக் கூட்டினாள். மேட்டில் மரவள்ளி நடும் பெண்கள் முறை வைத்துச் சாலையைப் பார்க்க வேண்டும். லாரி தெரிந்தால் சிவப்புத் துணியை ஆட்ட வேண்டும். உடனே கீழே லயத்தில் அவளுடைய அப்பா இருளப்பன் பறையில் சாவுமேளம் அடிப்பார். கேட்டதும் ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். காய்ச்சலிலும் பசியிலும் ஆள் செத்துக்கொண்டே இருந்த காலம். சாவுமேளத்தை எவன் சந்தேகப்படுவான்?

ஆனால் இனி நிஜமான சாவுக்கு மேளம் கிடையாது.

“மேளமில்லாம பொணத்தத் தூக்கறதா? நாங்க என்ன நாயா?” என்று மாடசாமி குதித்தார். அவர் இருளப்பனின் தம்பி.

இருளப்பன் குதிக்கவில்லை. அந்த மலையில் செத்த அத்தனை பேரையும் மேளம் அடித்து அனுப்பியவர் அவர். பனியில் தோல் தொய்ந்துபோகாமல் பறையை அடுப்படியில் காயவைத்துக்கொண்டே கேட்டார்.

“நான் செத்தாலும் அடிக்க மாட்டியாம்மா?”

“அடிக்க மாட்டேம்பா.”

“சரி” என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் அவள் மனதைப் போட்டு அறுத்தது.

அதற்குப் பிறகு வந்த லாரிகள் காலியாகத் திரும்பின. மழைக்காலத்தில் காய்ச்சல் இருளப்பனைக் கொண்டுபோய்விட்டது. பறை அடிக்கிற வேலை ருக்குமணி கைக்கு வந்தது.

மாடசாமி வந்தார். இந்தத் தடவை கெஞ்சினார். “ஒரே ஒரு தடவ, ருக்கு. எங்கண்ணனுக்கு மட்டும் அடிச்சிருவோம்லா.”

ருக்குமணி கணக்குப் போட்டாள். இன்று அடித்தால் எல்லாரும் ஓடுவார்கள். வெறும் சாவுதான் என்று திரும்புவார்கள். அடுத்த தடவை கேட்டால் ஓடலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். அந்த நேரம் போதாதா லாரி வந்து சேர?

“வேணாம் சித்தப்பா” என்றாள்.

சத்தமே இல்லாமல் பாடை கிளம்பியது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. லயத்து முனையில் நின்றுவிட்டார்கள். அப்போது மேட்டில் சிவப்புத் துணி ஆடியது.

ருக்குமணி அடுப்படிக்கு ஓடிப் பறையை எடுத்து அடித்தாள். ஆண்கள் பாடையைப் பாதையிலேயே இறக்கிவிட்டுக் காட்டுக்குள் பாய்ந்தார்கள். வந்த சிப்பாய்கள் பிணத்தைப் பார்த்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், போய்விட்டார்கள்.

“லாரி போயிருச்சுடி. நிறுத்து, ஆம்பளைங்க வரட்டும்” என்றாள் பக்கத்து வீட்டு மணியம்மா.

“இவ்வளவு நேரம் அவங்களுக்கு அடிச்சேன். இது எங்கப்பாவுக்கு.”

மேளம் ஓய்ந்தால்தான் ஆண்கள் வெளியே வருவார்கள். மணியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாடையின் முன்கொம்பைப் பிடித்தாள். இன்னும் மூன்று பெண்கள் வந்து தோள் கொடுத்தார்கள். பாடைக்கு முன்னால், அப்பா எப்போதும் நடக்கிற இடத்தில், ருக்குமணி அடித்துக்கொண்டே நடந்தாள்.