பதில் வராமல் திரும்பாதவர்

காலை ஏழரை மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "அத்தான் போயிட்டாருடா. செருப்பு மாட்டக் குனிஞ்சார், அவ்வளவுதான். நீ வர்றியா?" தம்பி போனைக் காதில் வைத்தபடியே தலையை மட்டும் ஆட்டினான். அவள் போனை வைக்கவில்லை. "பதில் சொல்லுடா. வர்றியா?" "வர்றேன்க்கா" என்று அவன் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வைத்தாள்.

அந்த வீட்டை அப்படிப் பழக்கியவர் அத்தான். லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் ஒருவர் கம்பிவடத்தைப் பிடித்து நிற்க, மேலே இன்னொருவர் சுவிட்சில் கை வைத்திருக்கும் வேலை. "கரண்டு போடவா?" என்று மேலிருந்து கேட்டால், கீழேயிருந்து "போடு" என்று குரல் வந்தாக வேண்டும். வராவிட்டால் கட்டடத்தில் அத்தனை பேரும் படியேறி மூச்சிரைக்கட்டும், அத்தான் சுவிட்சைத் தொட மாட்டார். வீட்டிலும் அதே கதைதான். "உப்புப் போடவா?" என்று கேட்டுவிட்டுக் கரண்டியும் கையுமாக நிற்பார். "உங்களோட சேர்ந்து ஒரு சூப் வைக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்பாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரு படகு. யாரோ ஏரிக்கரையில் கைவிட்டிருந்த சின்னப் பாய்மரப் படகை வாங்கி, தானே தட்டிக்கொட்டி மிதக்கவிட்டார். "வாரம் பூரா மேல, கீழ. ஒருநாளாவது பக்கவாட்டுல போறேனே!" அன்று முதல் அக்காவுக்கு அவர் அட்மிரல்.

ஏறுகிறவர் யாரானாலும் நாலு சொல் கற்றுக்கொண்டுதான் ஏற வேண்டும். முன்முனை அணியம். திசை திருப்புவது சுக்கான். இடது, வலது என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. "நீ என்னைப் பாத்து உக்காந்திருக்கே. உன் இடது எனக்கு வலது. அவசரத்துல யாரோட இடதுன்னு பஞ்சாயத்தா வைக்க முடியும்? படகோட இடது போர்ட், வலது ஸ்டார்போர்ட். நீ தலைகீழா நின்னாலும் அது மாறாது." பாயின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நீளக் கட்டை பூம். படகு காற்றைக் கடந்து திரும்பும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசியடிக்கும். நடுவில் தலை இருந்தால் தலையையும் சேர்த்து. அதனால் ஒவ்வொரு முறையும் "திருப்பவா?" என்று கேட்பார். படகில் இருக்கும் எல்லோரும் "தயார்" சொல்ல வேண்டும். விருந்தாளிகள் சிரிப்பார்கள். தம்பியும் சிரித்திருக்கிறான், போன மாதம் வரைக்கும்.

அன்று குளிர்காற்று திடீரென்று வலுத்தது. பூம் போர்ட் பக்கம் நின்றது. தம்பி அணியத்தில் இருந்தான். அக்கா ஸ்டார்போர்ட் ஓரமாக எழுந்து நின்று கம்பளிச் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தாள். எதிரே கரைக்கற்கள், போர்ட் பக்கமும் பாறை; ஸ்டார்போர்ட் பக்கமாகத்தான் திரும்ப முடியும். "திருப்பவா?" "தயார்!" என்றான் தம்பி. அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. கழுத்துப் பட்டன் சிக்கித் தலை சட்டைக்குள்ளேயே இருந்தது. அத்தான் மறுபடியும் கத்தினார். காற்று குரலை அள்ளிக்கொண்டு போயிற்று. "கல்லு அத்தான்! திருப்புங்க!" என்று தம்பி அலறினான். சுக்கானைப் பிடித்த கை அசையவில்லை. குழிக்குள் ஓர் ஆள் நிற்கிறது, பதில் வரவில்லை. அந்த முகத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. பாயின் கயிற்றை விட்டார். பூம் அவளைவிட்டு விலகி வெளியே ஓடியது. அரை வேகத்தில், கண்ணைத் திறந்துகொண்டே, ஆசை ஆசையாகச் செப்பனிட்ட படகைக் கல்லில் கொண்டுபோய் விட்டார்.

பலகையில் தொப்பென்று உட்கார்ந்த அக்காவின் தலை அப்போதுதான் வெளியே வந்தது. "கண்ணு தெரியலையா அட்மிரல்? இத்தாம்பெரிய கல்லு!"

"கவனிக்கலம்மா" என்றார் அவர்.

தண்ணீரை இறைக்கும்போது தம்பியின் காதருகே குனிந்தார். "சொல்லிடாதே மாப்ளே. தெரிஞ்சா இனிமே படகுல ஏற மாட்டா."

அடக்கம் முடிந்த மறுநாள், வந்தவர்களிடம் அக்கா திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அந்தக் கல்லுல மோதினாரே, அப்பவே உடம்புல என்னமோ ஆயிருக்கு. கண்ணு மங்கியிருக்கு. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போகாம, மாசம் பூரா அவரைக் கிண்டல் பண்ணிட்டுத் திரிஞ்சேன். நான்தான் விட்டுட்டேன்."

தம்பி அவளைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். படகு முக்காலிகள் மேல் கவிழ்ந்து கிடந்தது. "அக்கா, அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னான்.

"எனக்குக் கேக்கவே இல்லையேடா" என்றாள் அவள்.

"அது அவருக்குத் தெரியும்க்கா. அதான் திருப்பல."

"பூம் எங்க பட்டிருக்கும்?"

அவன் தன் காதுக்கு மேலே தொட்டுக் காட்டினான். அவள் அதே இடத்தில் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, ஓட்டையை அவர் அடைத்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அதன்மேல் நீலம் ஒரு பூச்சுதான் ஏறியிருந்தது. இரண்டாவது பூச்சு அடிக்கவில்லை.