அக்காவுக்கு ஒரு சத்தமில்லாத கம்ப்யூட்டர்

அக்காவைப் பார்க்க வீட்டுக்குப் போனால், அநேகமாக அவள் அலமாரிக்குள் இருப்பாள். துணி மாட்டும் பெரிய மர அலமாரி. கீழ்த்தட்டை மாமா கழற்றி எடுத்துவிட்டு ஒரு தலையணையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தொங்கும் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் இருக்கும் லேப்டாப் திரையைப் பார்த்துக் கதை வாசிப்பாள். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். வெளியே நின்று கேட்டால், வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு குட்டி வீடு தூக்கத்தில் பேசுவது போலிருக்கும்.

கண் மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுவதுதான் அவளுடைய வேலை. கண்ணில் கட்டோடு காத்திருந்த ஒரு அம்மா, "நீ நம்பர் சொன்னாலே கதை கேக்குற மாதிரி இருக்கும்மா" என்றாராம். அந்தச் சொல் அவளுக்குள் போய் விழுந்து முளைத்துவிட்டது. பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்துக்கு மாதிரி வாசிப்பு அனுப்பினாள். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடியும் வந்தது. குரல் பிடித்திருக்கிறதாம், பின்னால் ஏதோ இரைகிறதாம். இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள்.

இரைந்தது அவளுடைய லேப்டாப். மாமா பார்சல் வண்டி ஓட்டும் கிடங்கில் கழித்துப் போட்டதை வாங்கி வந்திருந்தார். மாவு மில்லுக்குத் தங்கை அது.

"இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிட்டா, டோக்கன் நம்பரோட என் கதை முடிஞ்சுதுடா" என்றாள் அக்கா.

"நல்லா பெருசா ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் சரியாயிரும். உன் தம்பி எதுக்குப் பட்டம் வாங்கியிருக்கான்? சுவத்துல மாட்டவா?" என்றார் மாமா.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவும் கணினி அறிவியல். ஊரில் எங்கள் அப்பா அந்தப் பட்டத்தைப் பட்டா நிலத்தின் எல்லைக்கல் மாதிரி அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். அது சுவரில் தொங்கத்தான் செய்கிறது. ஆனால் சும்மா தொங்கவில்லை.

கடையில் விற்பனையாளர் முதலில் எடுத்து வைத்த லேப்டாப்பின் பொத்தான்கள் வானவில்லாய் மின்னின. மாமா அங்கேயே மயங்கிவிட்டார்.

"விளையாட்டுக்குன்னே செஞ்சது சார். இதுல ராக்கெட்டே விடலாம்."

"ராக்கெட் எங்க வீட்டு அலமாரிக்குள்ள நிக்காது தம்பி" என்றாள் அக்கா.

நான் விளக்கினேன். பலம் கூடினால் சூடு கூடும், சூட்டைத் தணிக்க உள்ளே விசிறி சுழலும், அந்த விசிறிதான் நமக்கு எமன். "குரல் பதிய இவ்வளவு பலம் எதுக்கு? விசிறியே இல்லாத ஒண்ணு காட்டுங்க. அலமாரிக்குள்ள பிளக் கிடையாது, சார்ஜ் நிக்கணும். இருட்டுல கண்ணு கூசாம வெளிச்சத்தக் குறைக்கவும் முடியணும்."

விற்பனையாளரின் முகம் சுருங்கியது. கீழ்த்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒன்றை எடுத்தார். "இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க வாங்குறது சார்."

"என்னடா இது, தட்டு மாதிரி இருக்கு? சோறு போட்டுச் சாப்பிடவா?" என்றார் மாமா.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் மாமா."

கடை இரைச்சலில் அதன் மௌனத்தைச் சோதிக்க வழியில்லை. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சார், மேடம் உள்ள என்ன பண்றாங்க?"

"வாசிக்கிறாங்க" என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

பதிந்ததைக் கேட்டபடி வெளியே வந்த அக்காவின் காதில் ஹெட்போன் இருந்தது, கண்கள் மூடியிருந்தன.

"குரலுக்குப் பின்னால என்னக்கா கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கலடா." இனிப்பை நாக்கில் கரைய விட்டவள் போல, அதை மெதுவாகச் சொன்னாள்.

ஞாயிறு மதியம் கடைசி மாதிரியைப் பதிவு செய்தாள். பனிமூட்டத்தில் ஒரு தாயும் மகளும் படகில் ஆற்றைக் கடக்கும் கதை. அவள் குரல் தாழ்ந்து, மெல்ல நகர்ந்தது. இத்தனை நாளும் அந்த விசிறியை முந்தத்தான் உரக்க வாசித்திருக்கிறாள் என்பது எங்கள் யாருக்கும், அவளுக்குமே, தெரிந்திருக்கவில்லை. மாமா தரையில் படுத்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். நான் விழித்திருந்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அறைக்குள் தண்ணீர் அசைவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பதில் வந்த மாலையிலும் அவள் அலமாரிக்குள்தான் இருந்தாள். மாதிரிக்கு அனுப்பியது போக, மிச்சக் கதையைத் தனக்காக வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே வைத்திருந்த அவள் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் படித்தேன். இரைச்சல் இல்லை, முழுப் புத்தகத்தையும் அவளே வாசிக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

மாமா அலமாரிக் கதவைத் தட்டினார். "ஏய், கெடச்சிருச்சு! வெளிய வா!"

உள்ளே குரல் நின்றது. பிறகு, "கத்தாதீங்க. படகு இன்னும் கரைக்கு வரல" என்றாள்.

வாசிப்பு தொடர்ந்தது. நானும் மாமாவும் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டோம்.