இரத்தத்தை வெயிலில் உலர்த்தியவர்

சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் பிச்சைக்கனிக்கு, மூட்டைக்குள் வண்டு புகுந்தால் என்ன செய்வதென்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஈரத்தில் வண்டு பெருகும். வெயிலில் விரித்தால் ஓடிவிடும். இந்த ஞானத்தைத் தம் உடம்பின்மேல் செலுத்தியதுதான் வினையாயிற்று.

அவருடைய அக்காளுக்குக் கால்கள் தளர்ந்தபோது உடன்பிறந்தாரையும் சோதித்தார்கள். அவள் காலைத் தளர்த்திய, தாய்ப்பாலோடு வந்த வைரஸ் ஒன்று, பிச்சைக்கனியின் வெள்ளை அணுக்களிலும் குடியிருந்தது. அணு பிரியும்போதெல்லாம் அதுவும் பெருகும் என்றும், பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுதும் தீங்கில்லை என்றும், வெகு சிலருக்கு மட்டும் பல்லாண்டு கழித்து ஓர் அணுவின் சந்ததி கட்டுக்கடங்காமல் பெருகி இரத்தப் புற்றுநோயாகும் என்றும் மருத்துவர் ஆதிரா மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். பிச்சைக்கனியின் செவியில் தங்கியது ‘பெருகும்’ என்ற ஒரு சொல்தான்.

பங்குனி பிறந்ததும் உச்சி வெயிலில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தார். புரண்டு புரண்டு காய்ந்தார். தண்ணீரையும் குறைத்தார்.

“காக்கா கொத்தாம இருக்கக் கறுப்புத் துணி கட்டட்டுமா?” என்றாள் மனைவி வடிவம்மாள்.

“போளா! வண்டுக்கு வெயில் ஆகாது.”

அடுத்த சோதனையில் ஆதிராவின் முகம் சுருங்கியது. “கால்சியம் கூடியிருக்கு. தாகம் உண்டோ?”

“நாக்கு அண்ணத்துல ஒட்டுது டாக்டரம்மா.”

“க்ஷீணம்?”

“படியேற முடியல.”

“தோலில் தடிப்பு?”

சட்டையைத் தூக்கினார். முதுகெங்கும் செந்தடிப்பு. வைரஸ் குடியிருக்கும் அணு புற்றாக மாறும்போது தோன்றும் அறிகுறிகள் இவையே என்று ஆதிரா தயங்கித் தயங்கிச் சொன்னார். அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்த அறிக்கை இன்னும் வரவில்லை.

“மூட்டை மொத்தமும் போச்சா?” என்றார் பிச்சைக்கனி.

“டாக்டரம்மா, இவரு ஒரு மாசமா மாடியில காயுதாரு,” என்றாள் வடிவம்மாள்.

“ஏளா, பேசாம இரி!”

“தண்ணியும் குடிக்கல. ஈரமிருந்தா வண்டு பெருகுமாம்!”

ஆதிரா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். “சேட்டா, வைரஸ் வண்டல்ல. உடம்பு வறண்டாலும் கால்சியம் கூடும், வெயில் கொண்டாலும் தோல் தடிக்கும். பக்ஷே, நோயா வறட்சியான்னு இப்போ உறப்பிச்சுச் சொல்ல முடியாது. நிழல்ல இருந்து நல்லா வெள்ளம் குடிக்கணும். அடுத்த வாரம் திரும்பப் பார்க்கலாம்.”

அந்த வாரம் முழுதும் அவர் எருமையைப் போலத் தண்ணீர் குடித்தார். வடிவம்மாள் ஒருமுறைகூடக் கேலி செய்யவில்லை. அதுதான் அவரை மிகவும் அச்சுறுத்தியது.

மறுவாரம் கால்சியம் இறங்கியிருந்தது. பூவிதழ்போல் பிளவுண்ட உட்கரு கொண்ட அணுக்கள்தாம் அந்நோயின் முத்திரை. வந்து சேர்ந்த அறிக்கையில் அவற்றில் ஒன்றும் தென்படவில்லை. வைரஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது; ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் ஆதிரா.

வடிவம்மாள் விறுவிறுவென்று வெளியேறி, வராந்தாப் பெஞ்சில் அமர்ந்து வாய்விட்டு அழுதாள். அயலிலிருந்த பெண்கள் ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டார்கள். முதியவர் ஒருவர் துக்கம் விசாரிப்பவராகப் பிச்சைக்கனியின் தோளில் கைவைத்தார்.

“தைரியமாயிட்டு இரிக்கணும். ஆரு போயி?”

“யாரும் போகல அண்ணாச்சி,” என்றார் பிச்சைக்கனி, கண்ணைத் துடைத்தபடி. “போகலன்னுதான் அழுதா.”